பூஜைக்கு அப்புறம் பார்க்கலாம்

ஜூலை 16

இன்றும் என் மேனேஜர் தேபாஷிஷ்தா என்னை விடவில்லை. பேமென்ட்ஸ் டீம் இன்டர்வியூவில் நான் தேறி மூன்று வாரம் ஆகிறது. அங்கே இடம் காலியாக இருக்கிறது, என்னைத்தான் கேட்கிறார்கள். ஆனால் எங்கள் கம்பெனியில் ஒரு டீமிலிருந்து இன்னொன்றுக்குப் போக, இருக்கிற மேனேஜர் ‘ரிலீஸ்’ கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கிடக்க வேண்டியதுதான்.

பதினோரு வருடமாக ஒரே ப்ரோகிராம். எவனோ வெளிநாட்டுக்காரன் காரை இடித்துக்கொண்டால் இன்ஷூரன்ஸில் எவ்வளவு கிடைக்கும் என்று பார்க்கிற ப்ரோகிராம். புதிதாக எழுத ஒன்றுமில்லை, ஓட்டை அடைப்பதுதான் வேலை. நான் டெவலப்பராம். பிளம்பர் என்று கார்டு அடித்துத் தரலாம்.

கேட்டால், “அரே பத்மஜா, என்ன அவசரம்? பூஜோ முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்கிறார். ஜூலையில்! துர்கா பூஜை வருவது அக்டோபரில். இந்த ஊரில் குழாய் ரிப்பேர்கூட பூஜைக்கு அப்புறம்தான்.

வெறும் தேபாஷிஷ் என்று கூப்பிடக் கூடாது, ‘தா’ சேர்க்க வேண்டும். அண்ணனாம். எந்த ஜென்மத்து அண்ணன்?

செப்டம்பர் 12

பூஜை நாட்களுக்கு யார் யார் ட்யூட்டி என்று ரோஸ்டர் வந்துவிட்டது. சப்தமி, அஷ்டமி, நவமி — மூன்று நாளும் நான். போன வருஷமும் நான்தான். அதற்கு முந்தின வருஷமும். நேரே போய்க் கேட்டேன்.

“உங்களுக்கு பூஜோ இல்லையே. பொங்கல்தானே?”

நான் பிறந்தது இதே ஊரில், டாக்குரியாவில். பெங்காலியில் சண்டை போட அவரைவிட எனக்கு நன்றாக வரும். சாதனா இந்த அஷ்டமி சாயங்காலம் எங்கள் தெருப் பந்தலில் முதல் தடவையாக மேடையேறி ஆடப் போகிறாள். எட்டு வயசுக் குழந்தை, அம்மா நீ வருவியான்னு தினம் கேக்கறது. அதையும் சொன்னேன்.

சிரித்தார். “இந்த ஒரு தடவை பார்த்துக்கொள். லக்ஷ்மி பூஜோ ஆன மறுநாள் ரிலீஸ் கொடுத்துவிடுகிறேன். ப்ராமிஸ்.”

சரி என்றேன். வேறென்ன சொல்ல?

என் கணவர் ஜெய்ராமிடம் சொன்னதற்கு, “எழுதி வாங்கிண்டியா? இந்த மாதிரி ப்ராமிஸுக்கெல்லாம் எங்க பேங்க்ல கடன் குடுக்க மாட்டா” என்றார். வீட்டிலும் நிம்மதி கிடையாது.

அக்டோபர் 11, அஷ்டமி

மூன்றாம் மாடியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை, லேப்டாப், நான். கீழே பந்தலில் தாக் மேளம் முழங்குகிறது. மைக்கில் சாதனாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். சரியாக அப்போதுதான் சிஸ்டம் நின்றது.

“அங்கே என்ன சத்தம், கட்டட வேலையா?” என்று போனில் க்ளையன்ட் பெண்மணி கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஜெய்ராம் எடுத்த வீடியோவில் பாதி அவர் கட்டைவிரல். குழந்தை அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. “அடுத்த வருஷம் வருவியா?” என்று மட்டும் கேட்டாள். சத்தியமா வருவேன்னு கையில அடிச்சுக் குடுத்தேன்.

அக்டோபர் 17

லக்ஷ்மி பூஜைக்கு மறுநாள். தேபாஷிஷ்தா லீவு. டார்ஜிலிங் போயிருக்கிறாராம்.

நவம்பர் 6

பேமென்ட்ஸ் டீமில் ஆள் எடுத்தாகிவிட்டது. புனேயிலிருந்து யாரோ.

“க்ளையன்ட் உன்னை விட மாட்டேன் என்கிறான், நான் என்ன செய்ய? நீ இல்லாவிட்டால் இந்த டீமே இல்லை பத்மஜா.” பாராட்டறாராம். மாட்டைக் கட்டிப் போட்டுட்டு அதுக்குப் பொட்டு வேற வெக்கறான், பாவி.

ஜனவரி 14

பொங்கல். லீவு கிடையாது.

மார்ச் 19



தேபாஷிஷ்தா போகிறார். எங்கே? பேமென்ட்ஸுக்கு! அதற்குத் தலைவராக! தனக்கு ரிலீஸ் வாங்க அவருக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவருடைய இடம் எனக்காம். “கங்கிராட்ஸ், மேனேஜர்!” என்று கையைக் குலுக்கினார். இனி நான் கோட் எழுத வேண்டாம், ஆட்களைப் பார்த்துக்கொண்டால் போதும். லீவு, ரோஸ்டர், ரிலீஸ்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தேங்க்ஸ் என்று வந்தது. முப்பத்தொன்பது வயதில் வெளியே யார் வேலை கொடுப்பார்கள்?

நாசமாப் போக. யாரைச் சொல்றேன்? எனக்கே தெரியலை.

ஜூன் 23

டீமுக்குப் புதிதாக ஒரு பெண், நீலாவதி. சேலம். முதல் வேலை. என் பெயரைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

“மேம், நீங்க தமிழா? அப்பாடா! வந்ததுல இருந்து தமிழ்ல பேச ஆளே இல்ல மேம்!”

இங்கிலீஷில் வெல்கம் சொல்லி அனுப்பினேன். ஆபீஸ் ஆபீஸாக இருக்கட்டும். அவள் முகம் விழுந்துவிட்டது. விழட்டும்.

செப்டம்பர் 8

பூஜை ரோஸ்டர் இப்போது நான் போட வேண்டும். எல்லோரும் லீவு கேட்டிருக்கிறார்கள். இந்த ஊர்க்காரர்களிடம் மறுத்தால் பெரிய ரகளையாகும். நீலாவதியும் கேட்டிருக்கிறாள் — அம்மா பூஜை பார்க்க சேலத்திலிருந்து வருகிறாளாம், டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டதாம்.

சாதனா ஹாலில் ஆடிப் பழகிக்கொண்டிருக்கிறாள். “சத்தியம் பண்ணியிருக்கே, மறந்துடாதே” என்கிறாள்.

அஷ்டமிக்கு நேராக என் பெயரைப் போட்டேன். அழித்தேன்.

செப்டம்பர் 30, அஷ்டமி

முன்வரிசையில் நாற்காலி கிடைத்தது. சாதனா மேடைக்கு வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். வீடியோ முழுசாக எடுத்தேன், கை குறுக்கே வராமல்.

நடுவில் நீலாவதியின் மெசேஜ். “சிஸ்டம் நின்னுடுச்சு மேம். நீங்க கவலப்படாதீங்க, நான் பாத்துக்கறேன். அம்மாவும் பக்கத்துலயேதான் உக்காந்திருக்காங்க.”

ரோஸ்டர் போட்ட அன்றைக்கு அவளை அறைக்குக் கூப்பிட்டு நான் சொன்னதை இதில் எழுதாமல் விட்டிருந்தேன். இந்த ஆபீசில் இத்தனை வருஷத்தில் நான் வாய் திறந்து பேசிய முதல் தமிழ் அதுதான்.

“நமக்கெல்லாம் ஏதும்மா பூஜை? பொங்கல்தானே. இந்த ஒரு தடவை பாத்துக்கோ.”

சரி மேம் என்றாள். வேறென்ன சொல்லுவாள்?