ஆம்பூர்க் கிணற்றுத் தண்ணீர்

அக்டோபர் 11, 1964, ஞாயிறு
ராத்திரி முழுக்க மழை. ஆம்பூரில், அக்கா வீட்டில். விடிந்ததும் ஏரிக்கரைப் பள்ளத்தில் தேரை முட்டை, கறுப்பு மணிச்சரம் மாதிரி. ஒரு டப்பா நிறைய. வேலூரில் என் கல்லூரிக்குக் கொண்டுபோகத் தண்ணீர் வேண்டுமே. அக்கா வீட்டுக் கிணற்றிலேயே இறைத்து ஜாடியை நிரப்பிக்கொண்டேன்.

அக்காவுக்கு மூன்றாம் மாதம். முந்தைய இரண்டும் இதே மாதத்தில்தான் கலைந்தன.

"கருவப் பத்திதான படிக்கிற சரோ? இந்த வாட்டியாவது நிக்குமா, சொல்லேன்."

"நிக்கும்க்கா" என்றேன். என்னத்தைத் தெரிந்து சொன்னேன்?

அக். 12, திங்கள்
கல்லூரிக் குழாயில் தண்ணீர் வந்தது, அதிசயம்! முட்டைகளில் பாதி அதில். மீதி ஆம்பூர்த் தண்ணீரிலேயே. யோசித்தெல்லாம் செய்யவில்லை, ஒரே தட்டில் இடம் போதவில்லை.
வாங்க: சோப்பு, விளக்குத் திரி, அக்காவுக்கு மாதுளை.

அக். 13
கல்லூரித் தட்டில் வால் முளைத்துவிட்டது. ஆம்பூர்த் தட்டில் எல்லாம் ஒரே கட்டத்தில் நின்று, வெளுத்து... அதுவரை தாய் முட்டைக்குள் வைத்து அனுப்பியதைக் கொண்டே கரு வளரும். அப்புறம் அதன் சொந்த ஜீன்கள் விழிக்க வேண்டும். விழிக்கவில்லை. அவற்றை எது எழுப்புகிறது என்பதுதான் என் ஆராய்ச்சியே. ஆராய்ச்சி கிடக்கட்டும். அந்தத் தண்ணீரைத்தானே அக்கா குடிக்கிறாள்!

என் ஆராய்ச்சியை வழிநடத்தும் சாரிடம் ஓடினேன். "ஒரு தட்ட வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. அடுத்த மழைல முட்ட கெடச்சா திரும்பச் செய்."

அவர் சொல்வது சரி. அடுத்த மழைவரை அக்கா?

அக். 17, சனி
ஆம்பூர். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே தோல் பதனிடும் ஷாப்களின் கழிவுநீர் நாற்றம். மாதுளையை மறந்துவிட்டேன், சனியன். போனதும் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும்.

மாமா தோல் ஷாப்பிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். சிரித்தார். "இன்னா சரோ, தேரை செத்துச்சுன்னு கிணத்த மூடச் சொல்றியா? பக்கத்து வூட்டு நசீமா இதே தண்ணியக் குடிச்சுதான் ஏழு பெத்துச்சு."



"வேற கிணறு இல்லையா மாமா?"

"இதுதான் கம்மியா கரிக்குது. மத்ததெல்லாம் வாயில வைக்க முடியாது."

அக்காவின் கை வயிற்றின் மேல். பிறகு உள்ளே போய் வந்தாள்.

"வெயில்ல வந்திருக்க. மொதல்ல இதக் குடி."

சொம்பு நிறையத் தண்ணீர். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

குடித்தேன்.