ஆறு மணி பஸ்ஸில் போயிருக்கலாம், நைனா

நைனா,

போன வாரம் உங்கள் பேரன் புதுக் கார் வாங்கி வந்து வாசலில் நிறுத்தினான். "உட்காரும்மா, ஒரு ரவுண்டு போகலாம்" என்று கதவைத் திறந்தான். ரெக்சினும் ரப்பரும் பெயின்ட்டும் கலந்த அந்த வாடை முகத்தில் அடித்தது. மற்றவர்களுக்கு அது நல்ல வாசனையாம். நான் ஒரு அடி பின்னால் வந்துவிட்டேன். தலைவலி என்று சொல்லி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். படுத்தால் தூக்கமா வரும்? உங்கள் மேல் கோபம்தான் வந்தது. நீங்கள் போய் இத்தனை வருஷம் ஆகியும் அது ஆறவில்லை, நான் என்ன செய்ய.

செஞ்சிக் கடைவீதியில் மல்லாட்டை மண்டி வைத்துக் கடலை வியாபாரம் செய்த எவரும் பெண்ணை எட்டாவதுக்கு மேல் படிக்க வைக்கவில்லை. நீங்கள் வைத்தீர்கள். அதை மறந்துவிட்டுப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். "ஆம்பள புள்ள மாதிரி மார்க் வாங்குது, படிக்கட்டும்" என்று பெரிய அத்தையின் வாயை அடைத்தவர் நீங்கள்தான். பாண்டிச்சேரி காலேஜில் பி.யு.சி.க்கு இடம் கிடைத்தபோது மண்டிக்கு வந்தவர்களுக்கெல்லாம் சோடா வாங்கிக் கொடுத்தீர்கள். திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குள் அப்பாவோடு நேரில் வந்து சேர வேண்டும், வராவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். அது உங்களுக்கும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தானா கார் வர வேண்டும்? நான் ஏழாவது படிக்கும்போது பதிந்து வைத்த கார். எத்தனையோ வருஷம் வராதது, இன்னும் இரண்டு நாள் பொறுத்து வந்திருக்கக் கூடாதா? நம் லாரி டிரைவர் முனுசாமிதான் மெட்ராசிலிருந்து ஓட்டி வந்தார். கடைவீதியே கூடி நின்றது. யாராவது கை வைத்துத் தடவினால் போதும், நீங்கள் பின்னாலேயே போய்த் தோள் துண்டால் துடைத்தீர்கள். கூட்டம் கலைந்த பிறகு நான் உங்களிடம் வந்து, காலையில் ஆறு மணி பஸ்ஸில் நாம் இரண்டு பேரும் போய் வந்துவிடலாம், காரை சாவகாசமாக எடுக்கலாம் என்று கேட்டேன்.

"வூட்ல காரு நிக்கும்போது என் பொண்ணு பஸ்ல போய் எறங்குமா? ஊரு இன்னா சொல்லும்?" என்றீர்கள்.

அதோடு நின்றதா? அட்மிஷன் முடிந்ததும் எல்லாரும் கடல் பார்க்கலாம் என்று அம்மாவிடம் புளிசாதம் கட்டச் சொன்னீர்கள். பெரிய அத்தை உடனே கிளம்பினாள். அவள் இரண்டு பிள்ளைகளும் கிளம்பினார்கள். சித்தப்பாவும் கிளம்பினார். அத்தைதான் சொன்னாள், புது வண்டியின் முதல் ஓட்டம் குலதெய்வத்துக்குத்தான், அங்காளம்மனிடம் காட்டாமல் வேறெங்கும் உருளக் கூடாது என்று. எல்லாரும் தலையை ஆட்டினீர்கள். பாண்டிச்சேரி கிழக்கே இருக்கிறது, அம்மன் இருக்கும் மேல்மலையனூர் மேற்கே இருக்கிறது என்பது அங்கே நின்ற ஒருவருக்கும் உறைக்கவில்லை.

விடியற்காலையில் மலையனூர் போனோம். நமக்கு முன்னால் ஒரு டிராக்டரும் இரண்டு கல்யாண ஜோடிகளும் நின்றார்கள். பூசாரி சந்தனம் பூசி, மாலை போட்டு, பூசணிக்காய் சுற்றி உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி முடிப்பதற்குள் நன்றாக வெயில் வந்துவிட்டது. திரும்பி செஞ்சிக்கு வந்தால் ராகு காலம். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது. நல்ல காரியத்துக்குக் கிளம்பக் கூடாது. எல்லாரும் கை கால் கழுவி இட்லி சாப்பிட உட்கார்ந்தீர்கள். நான் சர்டிபிகேட் பையோடு காரை விட்டு இறங்கவேயில்லை. நீங்கள் ஜன்னல் பக்கம் வந்து சிரித்தீர்கள்.

"இன்னாத்துக்கு இப்பிடிப் பறக்குற? பஸ்ஸுன்னா அதும் நேரத்துக்கு நாம ஓடணும். சொந்த வண்டி நமக்காவ நிக்கும்."

நின்றது, நைனா. நன்றாகவே நின்றது.

ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். லாரியில் பறக்கிற முனுசாமி அன்றைக்குப் பிள்ளைத்தாச்சியைக் கூட்டிப் போகிற மாதிரி ஓட்டினார். புது இன்ஜின், முப்பது மைலுக்கு மேல் போகக் கூடாது, அடிக்கடி நிறுத்தி ஆற விட வேண்டும் என்று மெட்ராசில் சொல்லி அனுப்பியிருந்தார்களாம். ஒவ்வொரு புளியமரமாக நிறுத்தினார். நீங்களும் சித்தப்பாவும் இறங்கி பானெட்டைத் திறந்து, ஒன்றும் புரியாமல் உள்ளே பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். அதற்குள் ஒரு பஸ் நம்மைத் தாண்டிப் போகும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

திண்டிவனத்தில் மாமா வீடு. வாசலோடு போனால் நாளைக்கு அவர்கள் முகத்தில் விழிக்க முடியுமா என்று அம்மா கேட்டாள். சரி, ஐந்து நிமிஷம் என்றீர்கள். ஆரத்தி கரைத்து எடுத்தார்கள். அந்த வீட்டில் காப்பி போட்டார்கள், எதிர் வீட்டிலும் போட்டார்கள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மாமா வீட்டுப் பிள்ளைகள் ஆசையாகப் பார்த்தார்கள் என்று அவர்களை ஏற்றிக்கொண்டு ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தீர்கள். அந்த நேரம் முழுக்க நான் மாமா வீட்டுக் கடிகாரத்தின் கீழே நின்றுகொண்டிருந்தேன். நேரமாகிறது என்று அழுதபோது மாமி என்னைத் தட்டிக்கொடுத்து, காரில்தானே போகிறாய் என்றாள். பிறகு ரயில்வே கேட் வேறு மூடியிருந்தது. அதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

காலேஜ் வாசலில் இறங்கும்போது மணி ஒன்றை நெருங்கிவிட்டது. ஆபீஸில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா இருந்தார்கள். கோபப்படவில்லை, நிதானமாகத்தான் சொன்னார்கள். பன்னிரண்டு அடித்ததும் அடுத்த பெண்ணைச் சேர்த்துவிட்டார்களாம். அவளும் அவள் அப்பாவும் முதல் பஸ்ஸில் வந்து காலையிலிருந்து அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்களாம். நான் பெஞ்சைப் பார்த்தேன். நீங்கள் வெளியே கை காட்டினீர்கள்.

"புது வண்டிங்கம்மா. வேகமா ஓட்டக் கூடாதுன்றாங்க. அதான் கொஞ்சம் லேட்டாயிடுச்சி."

அந்த அம்மா எட்டிப் பார்த்தார்கள். சந்தனமும் மாலையுமாக, ஜன்னலுக்கு ஜன்னல் நம் ஆட்களின் தலை நீட்டிக்கொண்டிருக்க, நம் கார் நின்றது. "நல்ல வண்டி" என்று சொல்லிவிட்டு மேஜையைப் பூட்டினார்கள்.

அப்படியே திரும்பியிருக்கலாம். வந்தது வந்தோம் என்று கடலுக்குப் போனோம். எல்லாரும் அலையில் கால் நனைத்தார்கள், புளிசாதம் சாப்பிட்டார்கள். நான் காரை விட்டு இறங்கவில்லை. நீங்கள் ஒரு பொட்டலம் சுண்டல் வாங்கிவந்து என் மடியில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றீர்கள். என்னிடம் ஏதோ சொல்லப் போகிறீர்கள் என்று காத்திருந்தேன். 'நான்தாம்மா கெடுத்துட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அழுது முடித்திருப்பேன். நீங்கள் துண்டை எடுத்து முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த மணலைத் துடைக்க ஆரம்பித்தீர்கள்.

மறுநாள் மண்டியில் யாரோ கேட்டார்கள், பொண்ணை காலேஜில் சேர்த்தாயிற்றா என்று. மண்டிக்குப் பின்கட்டில், வீட்டுக்குள் இருந்த எனக்குக் கேட்டது.

"போய்ப் பாத்துச்சி. அதுக்குத்தான் புடிக்கல, வேணாம்னுடுச்சி" என்றீர்கள்.

எப்படி நைனா உங்களுக்கு அது வாயில் வந்தது? புதுக் காரில் போய் பஸ்ஸிடம் தோற்றோம் என்று சொன்னால் கடைவீதி சிரிக்கும். அது எனக்குப் புரிகிறது. ஆனால் சிரிப்பு ஒரு வாரத்தில் அடங்கியிருக்கும். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றீர்கள். அடுத்த வருஷம் அவலூர்பேட்டையிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். இவ்வளவு மார்க் வாங்கியும் ஏன் மேலே படிக்கவில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோதும் அதையேதான் சொன்னீர்கள். எனக்குப் பிடிக்கவில்லை என்று. அவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அடக்கமான பெண் என்றார்கள்.

கடைசி நாட்களில் நான் வந்து உங்கள் பக்கத்திலேயே இருந்தேன். மல்லாட்டை விலை, லாரி வாடகை, மாமாவோடு போட்ட சண்டை என்று எல்லாம் பேசினீர்கள். அந்தத் திங்கட்கிழமையை மட்டும் தொடவில்லை. இன்றைக்கோ நாளைக்கோ சொல்வீர்கள் என்று நானும் பார்த்தேன். அப்படியே போய்விட்டீர்கள்.

அதற்குப் பிறகு நான் எங்கேயும் தாமதமாகப் போனதில்லை. கல்யாண வீட்டுக்குப் பந்தல்காரனுக்கு முன்னால் போய் நிற்பேன். நல்ல நேரம் பார்க்கிறேன் என்று யாராவது வாசலில் நின்றால் நான் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்துவிடுவேன். வீட்டில் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

காரில் ஏறாமல் படுத்துக்கொண்ட அன்றைக்கு மருமகள் காப்பி கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எதை நினைத்துக் கேட்டாளோ, "அத்தை, நீங்க எஸ்.எஸ்.எல்.சி.யில ஸ்கூல்லயே முதலாமே. ஏன் மேல படிக்கலை?" என்றாள். கட்டினவரிடமும் சொல்லாமல் விட்டதை அவளிடம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். உங்களைப் பார்த்தேயிராத பெண், நைனா. உங்களைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பெண்ணைப் படிக்க வைத்த மனுஷர் என்பதுதான்.

"போய்ப் பார்த்தேன்மா" என்றேன். "எனக்குத்தான் பிடிக்கலை."