பாறைக் களத்து மிளகாய்

ஜனவரி 10, சனி

காலையில் ஒரே பனி. மலை கண்ணுக்கே தெரியவில்லை. நாளை தலைவர் நினைவு நாள். குத்தகைக்காரர்களைத் திரட்டிய மனுஷர். நெல்லை அள்ள வந்த பண்ணை ஆட்களை எதிர்த்து அடிபட்டவர்களில் அம்மாவும் ஒருத்தி, நான் பிறக்கும் முன்பு. சமாதிக் கல்லில் அந்தச் சண்டையில் நின்ற பதினாலு ஆண்கள் பேர். அம்மா பேர் இல்லை. வருடா வருடம் வாசலோடு திரும்பிவிடுவாள். "எம்பேரு ஏறட்டும், அப்பறம் உள்ள வரேன்."

வாங்க: மாலை, மூட்டுவலித் தைலம், வெற்றிலை.

ஜனவரி 11, ஞாயிறு

க.குறிச்சி பஸ் 8.10. அம்மாவுக்கு ஜன்னல் சீட். சமாதியில் கொடி, பறை, நல்ல கூட்டம். சாமியே இல்லை என்றவருக்குச் சூடம் கொளுத்துகிறார்கள்!

விழாக்குழுச் செயலாளர் அதே பல்லவி: "சண்டையில பொம்பளைங்க இல்லீங்க. ஆதாரம் இருந்தா கல்லுல பேர வெட்டிடலாம்." எனக்குக் கோபம் தலைக்கேறியது. அம்மா சிரித்தாள். "சண்ட நடந்த எடத்தக் காட்டு தம்பி."

ரோட்டோர நினைவுத் தூணைக் காட்டினார்.

"இங்க இன்னாத்துக்கு நெல்லு அடிப்போம்? பஸ்ஸுல போறவங்க பாக்கவா?"

கரும்புக்குள் விறுவிறு நடை. மூட்டுவலி எங்கே போனதோ! கூட்டமே பின்னால். வயலுக்கு அப்பால் தட்டைப் பாறை, அன்றைய நெற்களம்.

"கெழக்கால மண்ண வழிங்க. மூணு குழி இருக்கும். நானும் அஞ்சலையும் சின்னப்பொண்ணும் அதுலதான் மொளகா இடிச்சிக்கினு இருந்தோம். பண்ணை ஆளுங்க கண்ணுல தூவலன்னா ஒங்க பதினாலு பேரும் வூடு திரும்பியிருக்க மாட்டாங்க."

செயலாளரே மண்டியிட்டு வழித்தார். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் கரும்பு வேர், ஆனாலும் குழிதான்.

கல்லில் பேர் உள்ள பெரியவர் ஒருவர் முன்னால் வந்தார். "எங்கண்ணுலயும் வுழுந்துச்சி. ரெண்டு நாளு தெறக்க முடியல."

"இத்தன வருஷமா ஏன் சொல்லலீங்க?" என்றார் செயலாளர்.

"யாரு கேட்டாங்க?"

விசில், கைதட்டல். நான் அழுதுவிட்டேன்.

ஜனவரி 14, போகி

புகை, இருமல். செயலாளர் போன்: கல்லில் ஒரு வரிக்குத்தான் இடமாம், அம்மா பேர் மட்டும் ஏற்றலாமாம். அம்மா போனைப் பிடுங்கினாள். "மூணு பேரும் ஏறணும். எடம் பத்தலன்னா புதுக் கல்லு போடு." வைத்துவிட்டாள். இவளுக்கா பிறந்தேன்! பெருமை தாங்கவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

நல்ல வெயில். புதுக் கல். அஞ்சலை, சின்னப்பொண்ணு, கடைசியில் அம்மா. முதல் இரண்டு பேரும் இப்போது உயிரோடு இல்லை. யார் பேரோடும் புருஷன் பேர் ஒட்டவில்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, விரலைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன்.

செருப்பைக் கழற்றினாள். உள்ளே போனாள். கும்பிடவில்லை, சமாதியை உள்ளங்கையால் இரண்டு தட்டு.

"வந்துட்டோம் தலைவரே. மூணு பேரும்."