போகித் தீயில் நம் ஷீட்

இன்று போகி. விடிந்ததும் பைக்கில் சோரியாங்குப்பம் வழியாக வந்தேன். வரப்போரம் ஏதோ எரிந்துகொண்டிருந்தது. வழக்கமான டயர் நாற்றம் இல்லை. லேசான தித்திப்பு கலந்த காரம். லேபில் நாம் வருஷக்கணக்கில் முகர்ந்த வாசனை. நம் ஷீட் அது.

கத்தரிப் பாத்தியில் களை வராமல் விரிக்கும் மல்ச்சிங் ஷீட். மற்ற கம்பெனி ஷீட் கிழிந்தால் குப்பை. சேதராப்பட்டு கம்பெனியில் நாம் இருவரும் உருவாக்கியதோ, ரியாக்டரில் சூடாக்கினால் எந்தத் திரவத்திலிருந்து செய்தோமோ அதே திரவமாகத் திரும்பும். அதிலிருந்தே மறுபடி புது ஷீட். முதன்முறை அது திரும்பிய அன்று பீக்கரோடு கேன்டீன் வரை ஓடினாய். எல்லாரும் கைதட்டி ஓய்ந்த பிறகு என்னிடம் சொன்னாய்: "வயல்லேர்ந்து ஷீட்டு திரும்பி வரணும்டா. இல்லன்னா இதுவும் வெறும் பிளாஸ்டிக்குதான்."

அதற்காகவே கம்பெனியோடு மல்லுக்கட்டி ஒரு வண்டி வாங்கினாய். கொளுத்தாதீர்கள், மண்ணைத் தட்டிச் சுருட்டி வையுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று ஊர் ஊராகக் கெஞ்சினாய். நெஞ்சுவலியில் நீ போன மறுமாதமே வண்டியை நிறுத்திவிட்டார்கள். கட்டுப்படியாகவில்லையாம். ஷீட்டின் மேல் சுற்றிவரும் மறுசுழற்சி அம்புக்குறியை மட்டும் இன்றைக்கும் பளபளவென்று அச்சடிக்கிறார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

கொளுத்தியது யார் தெரியுமா? போகும்போதெல்லாம் உனக்கு மோர் கொடுப்பாரே, அந்த அக்கா. இரண்டு அறுவடைக் கட்டுகளைச் சேர்த்து வைத்தாராம். வண்டி வரவில்லை, கட்டுக்குள் பாம்பு புகுந்ததுதான் மிச்சம். போகிக்குப் பழையதோடு பழையதாக இழுத்துப் போட்டுவிட்டார். என்னைப் பார்த்ததும் அவர்தான் கேட்டார்: "உங்க சாரு பூட்டாரு, சரி. அவரு சொன்ன சொல்லும் கூடவே பூடுச்சா?"

உன்மேலும் கோபம்தான். ஊருக்கெல்லாம் வாக்குக் கொடுத்துவிட்டு இப்படியா பாதியில் போவாய்?

எரியாமல் மிஞ்சிய கட்டுகளை வாடகை டெம்போவில் ஏற்றிக்கொண்டு நேராக சேதராப்பட்டு வந்தேன். லீவு நாள், கேட் பூட்டியிருந்தது. அம்புக்குறி போட்ட போர்டுக்கு அடியிலேயே எல்லாவற்றையும் இறக்கினேன். "இன்னா சார் இது?" என்று ஓடிவந்தார் வாட்ச்மேன்.

"கம்பெனி ஷீட்டுதான். திரும்பி வந்திருக்குன்னு மேனேஜர் கிட்ட சொல்லு. நான்தான் எறக்குனேன்னும் சொல்லு."

வேலை போனால் போகட்டும். அடுத்த அறுவடைக்கும் வண்டி வரும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் வயலிலிருந்து கிளம்பினேன்.