சிவப்பாகப் பிடித்த சாயம்

அறிவுமதியின் அப்பாவுக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே பதறுவீர்கள். அதனால்தான் கடிதம்.

மார்புக்காம்பில் இருந்த கருப்புத் திட்டை மச்சம் என்று உங்களிடம் சொன்னேனே, அது ஆறாமல் அரித்துக்கொண்டே இருந்தது. ஸ்ரீரங்கம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு நான் போனது திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு. துளி சதை எடுத்தார்கள். நிறத்தைப் பார்த்து, வேகமாகப் பரவும் மெலனோமா என்ற தோல் கேன்சராக இருக்குமோ என்று சந்தேகப்பட்டார்கள். பத்து நாள் என்ன சமைத்தேன் என்றே நினைவில்லை.

நேற்று லேப் டாக்டர் ஸ்ரீவித்யா என்னையே மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். குங்குமம் தூவியதுபோல் இருந்தது.

“அழகா இருக்கு டாக்டர்,” என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

“எந்த வகைச் செல்லுன்னு தெரிய சாயம் போட்டுப் பார்த்தோம். மெலனோமாவுக்கான சாயம் பிடிக்கலைங்க. சுரப்பிச் செல்லுக்கான சாயம்தான் இப்படிச் சிவப்பாப் பிடிச்சிருக்கு. இது பேஜட் நோய், ரொம்ப அபூர்வம்.”

“அப்ப கேன்சர் இல்லையா?”

“கேன்சர்தாங்க. ஆனா மேல்தோலைத் தாண்டல, ஸ்கேன்லயும் உள்ள ஒண்ணுமில்ல. எடுத்துட்டா சரியாயிடும்.”

வரும்போது காந்தி மார்க்கெட்டில் இறங்கி இரண்டு கிலோ மாம்பழம் வாங்கினேன். நானே முக்கால்வாசி தின்றேன்.

பதினெட்டாம் தேதி ஆபரேஷன். பிலாஸ்பூரிலிருந்து லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி