டோக்கன் இல்லாத பதினாலு பேர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் விடிந்தால் பொழுதுபோனால் இந்த வீட்டில் பேச்சு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடமாடுகிறாள், போலீஸ் அதிகாரி மாதிரி இருக்கிறாய் என்று சொன்னேன், முறைத்தாள், கண்ணாடிக்குள் முறைப்பது தெரியாதுதான், ஆனால் முப்பத்து நாலு வருஷப் பழக்கத்தில் எனக்குத் தெரிந்தது. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, மாடிப்படி ஏறினால் மட்டும் பேசும். குட்டிக்குப் பல் முளைக்கிற நேரம், கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கும், கண்ணைவிட்டு அகலாமல் பார்த்துக்கொள்.

போன ஞாயிறு நீ ஒன்று கேட்டாய், அத்தை ஏன் என் போனை எடுக்கவே மாட்டேன் என்கிறாள், கோபமா என்று. நான் சிக்னல் சரியில்லை என்று மழுப்பினேன். அது பொய். உன்னிடம் நான் பொய் சொல்லிப் பழக்கமில்லை, வைத்த பிறகு மனசே கேட்கவில்லை. இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது, நடுவில் குட்டி அழும், நீ அழுவாய், நான் பாதியில் வைத்துவிடுவேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

பஸ் டிப்போவில் வேலைநிறுத்தம் நடந்ததும் முடிந்ததும் உனக்குத் தெரியும், ஜெயித்துவிட்டோம் என்று நான்தான் குதித்துக்கொண்டு சொன்னேன். அது எங்கிருந்து ஆரம்பித்தது என்று சொல்லவில்லை. மெக்கானிக் என்று பெயர் வைத்துக்கொண்டு நான் மேலே நின்று சத்தத்தை வைத்து வண்டியைப் பார்க்கிறவன், பள்ளத்தில் இறங்கி வண்டியின் அடிப்பக்கத்தைத் தினமும் கழுவுகிறவர்கள் உன் அத்தையும் இன்னும் பதின்மூன்று பெண்களும்தான். பிரேக் எண்ணெய் எந்தெந்த வண்டியில் சொட்டுகிறது என்று முதலில் பார்த்தவள் அத்தை. என்னைக் கூப்பிட்டுக் காட்டி, "அண்ணே, மேல பெயிண்ட் அடிச்சு பளபளன்னு வச்சிருக்கீங்க, அடிவயித்தப் பாரு" என்றாள். குனிந்து பார்த்தேன், சொட்டுகிற வண்டிகளின் நம்பரைக் குறித்துக்கொண்டேன். உதிரிபாகம் கேட்டு எழுதினோம், பதில் இல்லை. டிரைவர்களுக்கு ஓய்வே இல்லாமல் அடுத்தடுத்து டியூட்டி போட்டார்கள், அதற்கும் எழுதினோம், பதில் இல்லை. அப்புறம்தான் சங்கம் வேலைநிறுத்தம் என்று முடிவு செய்தது. கோரிக்கையில் ஐந்தாவதாகக் கழுவும் பெண்களுக்குக் கையுறை, பூட்ஸ், காண்டிராக்டர் இல்லாத நேரடி வேலை என்று எழுதினோம். அந்தக் கழுவுகிற மருந்து அவர்கள் கையை என்ன செய்கிறது என்று நீயே பார்த்திருக்கிறாய், நீ வாங்கி அனுப்பிய களிம்பை அத்தை பதினாலு பேருக்கும் பங்கு போட்டாள்.

பஸ் ஓடவில்லை என்றால் ஊர் நம்மை விரோதியாகத்தான் பார்க்கும். முதல் இரண்டு நாள் அப்படித்தான் பார்த்தது, பால்காரர்கூட எனக்கு முகம் கொடுக்கவில்லை. அதை மாற்றியது நாங்கள் அடித்த நோட்டீஸ் இல்லை, இந்தப் பெண்கள்தான். வீடு வீடாகப் போனார்கள், பள்ளிக்கூட வாசலில் நின்றார்கள், தண்ணீர்க் குழாயடியில் நின்றார்கள். அத்தை பேசினதை நானே கேட்டேன், "உங்க புள்ள ஏறுற வண்டியோட பிரேக்க நான்தான் தினம் கழுவுறேன், அதான் சொல்றேன், நாலு நாளு நடந்து போனாத் தப்பில்ல" என்றாள். ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தில் போய்ப் பேசி, சிறுநீரக நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவர முறை போட்டதும் அவர்கள்தான். சந்தையில் மூட்டை தூக்குகிறவர்களின் சங்கம் தினமும் காய்கறி அனுப்பியது. பதினோராம் நாள் நிர்வாகம் பேச்சுக்குக் கூப்பிட்டது.

இனிமேல்தான் நான் செய்த காரியம். எங்கள் டிப்போவில் வாசல் பலகையில் ஆளுக்கு ஒரு பித்தளை டோக்கன் தொங்கும், இருநூற்றுப் பன்னிரண்டு. உள்ளே வரும்போது எடுத்துக்கொள்ள வேண்டும், போகும்போது மாட்ட வேண்டும். சங்கத்தில் ஓட்டெடுப்பு என்றாலும் அதே டோக்கன்தான், இரண்டு கிரீஸ் டப்பா வைப்போம், சரி என்றால் ஒன்றில், வேண்டாம் என்றால் மற்றதில் போடுவோம். சங்கப் பதிவேட்டிலும் ஆள் பெயர் கிடையாது, டோக்கன் நம்பர்தான். கழுவும் பெண்களுக்கு டோக்கன் இல்லை, அவர்கள் பின்வாசல் வழியாக வருகிறவர்கள், காண்டிராக்டரின் நோட்டில் கையெழுத்து. பதினோரு வருஷம் செயலாளராக இருந்து எத்தனையோ ஓட்டு எண்ணியிருக்கிறேன், இவர்கள் எதிலும் ஓட்டுப் போடவில்லை என்பது எனக்கு ஒரு நாளும் உறைக்கவில்லை. என் கூடப் பிறந்தவள் அதில் இருந்தும் உறைக்கவில்லை.

நிர்வாகம் பிரேக்குக்கும் ஓய்வுக்கும் ஒத்துக்கொண்டது, ஐந்தாவது கோரிக்கையை மட்டும் ஆறு மாதம் கழித்துப் பேசலாம் என்றது. எல்லாரும் களைத்திருந்தோம், சரி என்றோம். கடைசியில் பழிவாங்கக் கூடாது என்ற ஷரத்தை நான்தான் என் கையால் எழுதினேன். ஓட்டையே இருக்கக் கூடாது என்று நினைத்து, பழக்க தோஷத்தில், "டோக்கன் எண் ஒன்று முதல் இருநூற்றுப் பன்னிரண்டு வரை உள்ள எந்தத் தொழிலாளர் மீதும் வேலைநிறுத்தத்தின் பேரில் நடவடிக்கை எடுக்கக் கூடாது" என்று எழுதினேன். மேலாளர் அதை இரண்டு தரம் படித்தார், ஒரு எழுத்தையும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். நான் என்னவோ என் எழுத்தின் அழகுக்கு மயங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

கையெழுத்தான நாலாம் நாள் பின்வாசலைப் பூட்டிவிட்டார்கள். காண்டிராக்டரை மாற்றியாயிற்று, வேலைநிறுத்தம் செய்த பழைய ஆட்கள் வேண்டாம் என்று பதினாலு பேருக்கும் ஒரே வரியில் பதில். ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு தொழிலாளர் அலுவலரிடம் ஓடினேன். அவர் படித்துவிட்டு, "செயலாளர் சார், இது நீங்க எழுதினதுதானே, இவங்களுக்கு நம்பர் ஏதுங்க?" என்றார். காகிதத்தை வாங்கி, நான் எழுதின ஷரத்தை நானே இன்னொரு தரம் படித்தேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அப்போது கண்ணில் கட்டோடு படுத்திருந்தாள். "ஊருக்கெல்லாம் மனு எழுதிக் குடுக்கிற கை, கூடப் பொறந்தவளுக்கு வந்தப்ப மட்டும் எங்க போச்சு?" என்றாள். அவள் கேட்டது நியாயம்தான்.

மறுநாள் மத்தியானம் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் டிப்போ முற்றத்தில் கூட்டம் போட்டேன், அந்தப் பதினாலு பேரையும் உள்ளே கூட்டிவந்தேன். தப்பு என்னுடையது, சங்கத்துடையது இல்லை, என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். மறுபடி வண்டியை நிறுத்த வேண்டும் என்றேன். முணுமுணுப்பு எழுந்தது. எப்போதும் உரக்கப் பேசுவதால் ஹாரன் என்று நாங்கள் கூப்பிடுகிற டிரைவர் எழுந்து, "இப்பத்தாங்க வீட்டுல அடுப்பு எரியுது, நீங்க பேனா தவறினதுக்கு நாங்க மறுபடியும் பட்டினி கிடக்கணுமா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் என்ன தப்பு, அவருக்கு மூன்று பிள்ளைகள். ஓட்டெடுப்பு என்று டப்பாக்களை வைத்தபோது அதே ஹாரன்தான் இன்னொன்றும் சொன்னார், "பொம்பளைங்களும் போடட்டும், பதினோரு நாளு தெருத்தெருவா அலைஞ்சது அவங்கதான்." டோக்கன் எங்கே போவது? அத்தை கழுவுகிற மருந்து டப்பாக்களின் மூடிகளைக் கழற்றிக்கொண்டு வந்தாள், ஆளுக்கு ஒன்று. எண்ணிப் பார்த்தேன். டோக்கனை மட்டும் எண்ணினால் நாலு ஓட்டில் தோற்றிருப்போம், மூடிகளையும் சேர்த்ததில் பத்து ஓட்டில் ஜெயித்தோம். வேண்டாம் என்று போட்டவர்களும் மறுநாள் காலையில் வண்டியை எடுக்கவில்லை, அதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

இந்தத் தடவை ஊர் முதல் நாளிலிருந்தே எங்கள் பக்கம். ஆறாம் நாள் நிர்வாகம் இறங்கி வந்தது. நேரடி வேலை, கையுறை, பூட்ஸ், முன்வாசல், பலகையில் டோக்கன், எல்லாம் உண்டு, ஆனால் பதின்மூன்று பேருக்கு. பயணிகளிடம் பிரேக்கைப் பற்றிப் பேசி நிறுவனத்தின் பெயரைக் கெடுத்தவள் என்று அத்தையை மட்டும் சேர்க்க மாட்டோம், இதற்கு மேல் பேச்சே இல்லை, மாலைக்குள் கையெழுத்து இல்லையென்றால் வெளியூர் ஆட்களை இறக்குவோம் என்றார் மேலாளர். முடியாது என்று எழுந்து வெளியே வந்துவிட்டேன். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் சொன்னதும் மற்ற பதின்மூன்று பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள், ஒருத்தி அழுதாள். அத்தை அழவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டு, "போய்க் கையெழுத்துப் போடு" என்றாள். மாட்டேன் என்றேன். "என்னை உன் தங்கச்சின்னு பாக்குறியா, பதினாலுல ஒருத்தின்னு பாக்குறியா?" என்று கேட்டாள். "டிரைவருங்க இன்னும் ரெண்டு நாளு தாங்க மாட்டாங்க, உனக்கும் தெரியும். அவங்க ஒடைஞ்சு போனா பதினாலும் போச்சு. நான் வேற வேல தேடிக்கிறேன், கைகால் நல்லாத்தானே இருக்கு" என்றாள். அப்புறம் அவளே போய்ப் பெண்களிடம் உட்கார்ந்து ஒவ்வொருத்தியாகப் பேசிச் சம்மதிக்க வைத்தாள், ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன் மகளே, அறுபது வயசை நெருங்கின ஆம்பிளை, வேறொன்றும் செய்யத் தெரியாமல் நின்றேன்.

கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பைக்குள் சாவியைத் தேடுவதுபோல் நின்றேன். அவள் கிட்டே வந்து, "அண்ணே, மொதத் தடவ என்னக் கேக்காம விட்டுட்ட. இந்தத் தடவ கேட்டுட்டு விட்ட. எனக்கு அது போதும்" என்றாள். அவளுக்குப் போதும். எனக்குப் போதவில்லை. முதல் தடவை தெரியாமல் செய்தேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம், இரண்டாம் தடவை தெரிந்தே என் தங்கையை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினேன்.

சங்கம் அவளுக்காக வழக்குப் போட்டிருக்கிறது, வருஷக்கணக்காகும் என்கிறார் வக்கீல். அந்தப் பதின்மூன்று பேரும் முறை வைத்து அவள் வீட்டுக்கு வந்து போகிறார்கள், வந்தால் அவள்தான் அவர்களுக்குத் தைரியம் சொல்கிறாள். இப்போது ஒரு அச்சகத்தில் காகிதம் மடிக்கப் போகிறாள். சாயங்காலம் அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்குப் போய், துப்புரவுப் பெண்கள் வெளியே வருகிற நேரத்தில் பேச்சுக் கொடுத்துக்கொண்டு நிற்கிறாளாம். ஏன் என்று கேட்டேன், "அங்கயும் நம்பர் இல்லாதவங்க இருக்காங்கல்ல" என்றாள். உன் போனை எடுக்காததற்குக் கோபம் காரணமில்லை. தூக்கி வளர்த்த பிள்ளையின் குரலைக் கேட்டால் உடைந்துவிடுவேன், அப்புறம் ஒட்டவைக்க ஆளில்லை என்கிறாள். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான், செவ்வாய்க்கிழமை அவளுக்கு விடுமுறை, காலையில் போன் போடு, எடுக்கவில்லை என்றால் மறுபடி போடு. டிப்போவைப் பற்றி எதுவும் கேட்காதே, குட்டியின் பல்லைப் பற்றிப் பேசு. பணம் அனுப்புகிறேன் என்று மட்டும் வாயெடுத்துவிடாதே, சங்கம் வீடு தேடிப்போய்க் கொடுத்ததையே திருப்பி அனுப்பினவள். உன் ஆபீஸிலும் பின்வாசல் வழியாக வருகிறவர்கள் இருப்பார்கள், அவர்கள் பெயரைக் கேட்டுத் தெரிந்துவைத்துக்கொள் அம்மா, அப்பனைப் போல இருந்துவிடாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிரில் குட்டியின் காதை மூடிவிடு. மாப்பிள்ளையிடம் விசாரித்ததாகச் சொல். நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு, யாருக்கும் தலைகுனியாமல், யாரையும் தலைகுனிய வைக்காமல் வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். இந்தக் கடிதத்தைக் கையெழுத்துப் போடாமல் எடுத்துக்கொண்டுபோய் அத்தையிடம் முழுக்கப் படித்துக் காட்டினேன், அனுப்பலாமா என்று கேட்டேன். "ஒரு எடத்துல என்னைப் பாவம்னு எழுதியிருக்க, அத அடிச்சிட்டு அனுப்பு" என்றாள். அடித்துவிட்டேன். மேலே மை அப்பியிருக்கிற இடம் அதுதான்.

இப்படிக்கு,
உன் அப்பா