மாவு படாத சமையலறை

அன்பு மகள் பொடிசுக்கு அப்பா எழுதுவது. முப்பத்தாறு வயதாகி, பத்துப் பேரை வேலை வாங்குகிறவளை இன்னும் பொடிசு என்றா எழுதுவீர்கள் என்று அம்மா கேட்கிறாள், வாய் கூப்பிட்டுப் பழகியதைக் கை எப்படி மாற்றி எழுதும்? இங்கே நாங்கள் இருவரும் நலம், அம்மாவின் முழங்கால் வலியும் அவளை விட்டுப் போக மனமில்லாமல் நலமாகவே இருக்கிறது. உன் நலத்தைப் போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்ப்பா, நீங்க எப்படி இருக்கீங்க?" என்று அரை மூச்சில் முடித்துவிடுகிறாய், அதனால்தான் காகிதத்தில் நிதானமாகக் கேட்கிறேன். வயிறு எப்படி இருக்கிறது, எடை கூடியதா, இரவில் கால் பிடித்து இழுக்கிறது என்றாயே அது நின்றதா? உன் தம்பி போன ஞாயிறு வந்து குளியலறைக் குழாயைச் சரிசெய்கிறேன் என்று கழற்றிப் போட்டுவிட்டுப் போனான், குழாய்க்காரர் வந்துதான் சரியானது. நம் ரொட்டிக்கடையில் வேலைக்குக் குறைவில்லை, விடியும் முன்பே எட்டுத் தட்டு அடுப்பிலிருந்து இறங்கிவிடுகிறது.

இப்போது ஒரு சேதி சொல்கிறேன், சிரிக்காதே. அப்பா சமைத்தேன். ரொட்டி இல்லை, பாஸ்தா. அதுவும் கோதுமை இல்லாத பாஸ்தா, அரிசியும் மக்காச்சோளமும் கலந்து செய்தது, பால் முட்டை எதுவும் கிடையாது, நீ இப்போது சாப்பிடுகிறபடி முழுக்கக் காய்கறி. முதல் நாள் வேகட்டும் என்று விட்டுவிட்டுப் பேப்பர் படித்தேன், வந்து பார்த்தால் குழைந்து கூழாகிக் கிடந்தது, அம்மா கரண்டியில் எடுத்துப் பார்த்து "இதை வச்சுச் சுவத்துல போஸ்டர் ஒட்டலாம்" என்றாள். மாவைத் தொட்டதும் பதம் சொல்கிறவன் என்று எனக்கு இருந்த பெயரெல்லாம் அன்றைக்கே கப்பலேறிவிட்டது. கோதுமைக்கு இருக்கிற பிடிப்பு இதற்கு இல்லை, ஒரு நிமிடம் தாண்டினால் போச்சு என்று மூன்றாம் தடவைதான் புரிந்தது. இப்போது பக்கத்தை விட்டு நகர்வதில்லை, பாக்கெட்டில் போட்டிருக்கிற நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே ஒன்றைக் கடித்துப் பார்த்து, நடுவில் லேசாகப் பல்லுக்குத் தட்டுப்படும்போதே வடித்துவிடுகிறேன், வடித்த நீரில் ஒரு குவளை மட்டும் எடுத்து வைத்துக்கொள்வேன். இன்னொரு பக்கம் சிறு தீயில் எண்ணெய் விட்டுப் பூண்டைக் கருகாமல் வதக்கி, வெங்காயம், கேரட், குடைமிளகாய், காளான் என்று ஒவ்வொன்றாகப் போட்டு, தக்காளியைக் கையால் நசுக்கிச் சேர்த்து, ஊறவைத்த முந்திரியை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்து ஊற்றி, அந்த வடித்த நீரையும் விட்டால் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கிறது. கடைசியில் ஒரு கைப்பிடி கீரை. அரை மணி நேர வேலைதான் பொடிசு, நீ வேலை முடிந்து வந்து பழத்தைக் கடித்துவிட்டுப் படுக்கிறாயே, அதற்குப் பதில் இதைச் செய்து சாப்பிடலாம்.

சமைத்தால் மட்டும் போதாது என்று எனக்குச் சொன்னவர் நம் மாடி வீட்டில் குடியிருக்கிற தபால்காரம்மா. நான் கொடுத்தனுப்பும் பன்னை நாலு வருடமாகத் திருப்பியே அனுப்புகிறார், பெரிய கர்வம் என்று நினைத்திருந்தேன். கோதுமை துளி பட்டாலும் வயிற்றுக்கு ஆகாத, உனக்கு இருக்கிற அதே கோளாறு அவருக்கும் என்று போன வருடம்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள் என்று கூப்பிட்டேன். வந்தவர் தட்டைப் பார்க்கவே இல்லை, போலீஸ் சோதனை மாதிரி இழுப்பறை இழுப்பறையாகத் திறந்தார், மரக்கரண்டியை முகர்ந்தார், அலமாரி மேல் விரலை ஓட்டி எனக்குக் காட்டினார், விரல் வெள்ளையாக இருந்தது. "அண்ணே, தப்பா நினைக்காதீங்க, இந்த ரூம்ல நான் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் இல்லையா, அந்த வெள்ளை விரல் கண்ணை விட்டுப் போகவில்லை. மறுநாளே ஆரம்பித்தேன். மாவு டப்பா, சப்பாத்திக்கட்டை, மரக்கரண்டி எல்லாம் கடைக்குப் போயின, அலமாரியை நகர்த்திச் சந்து பொந்தெல்லாம் துடைத்தோம், புது வாணலி, புது வடிதட்டு, மிக்ஸிக்குப் புது ஜார், பாத்திரம் தேய்க்கிற நார் வரைக்கும் புதிது. அம்மாவும் ரொட்டியை விட்டுவிட்டாள், கேட்டால் முழங்காலுக்கு நல்லது என்கிறாள், யார் சொன்னார்கள் என்று தெரியாது. ஒரு மாதம் கழித்துத் தபால்காரம்மா மறுபடி வந்து, மறுபடி எல்லாவற்றையும் திறந்து பார்த்து, உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. மூன்றாம் நாள் காலை கதவைத் தட்டி, "ஒண்ணும் ஆகலைண்ணே. அந்தப் பாஸ்தா இன்னும் இருக்கா?" என்றார். நான் உள்ளே திரும்பிக்கொண்டேன், ஐம்பது வருடம் ரொட்டி சுட்ட கிழவன் கண்ணைத் துடைப்பதை அந்த அம்மா பார்க்க வேண்டாம் என்று.

மூன்று வருடத்துக்கு முன்னால் நீ வந்தபோது இதைச் செய்திருக்க வேண்டும். டாக்டர் சீட்டைக் காட்டி நீ எவ்வளவு சொன்னாய். "முப்பது வருஷம் என் ரொட்டியில வளர்ந்த உடம்பு, இப்ப மட்டும் என்ன புதுசா?" என்று கேட்டேனே, கேட்டதோடு நிற்காமல் மாவுக் கரண்டியாலேயே உன் சூப்பைக் கலக்கிவிட்டேன், ஒன்றும் ஆகாது என்று காட்டுவதற்காக. வேண்டுமென்றேதான் செய்தேன், இதை இதுவரை அம்மாவிடமும் சொல்லவில்லை. அன்று இரவு நீ குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்ததும், இருபது நாள் இருக்க வந்தவள் ஐந்தாம் நாள் பெட்டியைக் கட்டியதும், வாசலில் "பரவாயில்லப்பா" என்று என் தோளைத் தொட்டதும் எதுவும் எனக்கு மறக்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சின்ன வயதில் வயிறு வலிக்கிறது என்று நீ ரொட்டியைத் துணி அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாய், அப்பன் உழைப்பை வீணாக்குகிறாயா என்று நான் அடித்தேன். நீ வலி என்று சொன்னாய், நான் அடம் என்று கேட்டேன். என் கையால் செய்ததே உனக்கு ஆகவில்லை என்று ஒப்புக்கொள்ள இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. அப்பாவை மன்னித்துவிடு. முடியாவிட்டாலும் சாப்பாட்டு வேளையைத் தவறவிடாதே.

வா என்று உன்னை வற்புறுத்தவில்லை, உனக்கு வேலை இருக்கும், விடுமுறை கிடைப்பது கடினம், எல்லாம் தெரியும். கடையிலேயே ஒரு குளியலறை கட்டியிருக்கிறேன். ஆறு மாதமாக வேலை முடிந்ததும் அங்கேயே தலைக்குக் குளித்து, உடை செருப்பு எல்லாம் மாற்றிக்கொண்டுதான் வீட்டுப் படி ஏறுகிறேன், காதுமடலில்கூட மாவு இல்லை. அவள் வருகிற தேதி தெரிந்த பிறகு இதெல்லாம் செய்யக் கூடாதா, தினமும் எதற்கு இந்த வயதில் ஈரத்தலை என்று அம்மா சலித்துக்கொள்கிறாள். அவளிடம் என்ன சொல்வது, சொல்லாமல் கொள்ளாமல் நீ வந்து நின்றுவிட்டால்?

உடம்பும் மனமும் குறையில்லாமல் நீ நூறு வருடம் இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காமல் போடு, டீ குடித்த கையோடு போடாதே. பாஸ்தாவை வடித்ததும் அப்படியே விட்டுவிடாதே, ஒட்டிக்கொள்ளும்.

என்றும் உன் நினைவாக,
உன் அப்பா